உங்களுக்குத் தெரியுமா? ஸ்கர்ட் பேட்டர்னுக்கு முதலில் பார்க்க வேண்டியது சீட் அளவு!

அக்கா மகள் போன தீபாவளிக்கு முன்னால் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே அவளே தைத்த நீல நிற பென்சில் ஸ்கர்ட். போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். "இடுப்பு கச்சிதமா இருக்கு சித்தி. ஆனா நாலு அடி நடந்தா மேல ஏறுது, பட்டிக்குக் கீழ மடிஞ்சு மடிஞ்சு நிக்குது. எனக்கு ஸ்கர்ட்டே ஒத்து வராதோ என்னவோ" என்றாள். டேப்பை எடுத்து அளந்தேன். இடுப்பு 28 இன்ச், சீட் 40. பேட்டர்ன் வாங்கும்போது உறையில் இடுப்பு அளவை மட்டும் பார்த்து எடுத்திருக்கிறாள். அவள் உடம்பில் ஒரு குறையும் கிடையாது, தாள்தான் வேறு யாருக்கோ வரைந்தது. அன்றைக்கு அவளோடு தரையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்து பேசியவைதான் இந்த முறை துணுக்குகள்.

✦

இடுப்பில் சரியாக நிற்கும் ஸ்கர்ட் மேலே ஏறுவது ஏன்? சீட்டைச் சுற்றிவரத் துணி போதவில்லை என்றால், உடம்பு ஒடுங்குகிற இடத்தைத் தேடி ஸ்கர்ட் மேலே நகர்ந்துவிடும். அப்படி ஏறிய நீளம் முழுக்க இடுப்புப் பட்டிக்குக் கீழே குறுக்கு மடிப்பாகச் சேர்ந்து நிற்கும். மடிப்பைப் பார்த்ததும் இடுப்பு லூஸ் என்று நினைத்து, பலர் அங்கே பிடித்துத் தைக்கிறார்கள். மடிப்பு போகவே போகாது. பிரிக்க வேண்டியது பக்கத் தையலை.

✦

பட்டரிக், மெக்கால்ஸ், சிம்ப்ளிசிட்டி, வோக் ஆகிய அமெரிக்க பேட்டர்ன்களில் 14ஆம் எண் என்றால் மார்பு 36, இடுப்பு 28, சீட் 38 இன்ச். 16ஆம் எண் என்றால் 38, 30, 40. ரெடிமேட் கடையில் நீங்கள் வாங்கும் எண்ணுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எண்ணை மறந்துவிட்டு இன்ச்சைப் பாருங்கள். என் அக்கா மகளுக்கு இடுப்பு 14ஆம் எண், சீட் 16ஆம் எண். இந்த இரண்டு எண்களிலுமே இடுப்புக்கும் சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 இன்ச். அவளுக்கோ 12. எந்த எண்ணை வாங்கியிருந்தாலும் அந்த 2 இன்ச்சை அவளேதான் சரிசெய்திருக்க வேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

✦

அப்படியானால் எந்த எண்ணை வாங்குவது? உடம்பை ஒட்டி வரும் ஸ்கர்ட் என்றால் சீட் அளவுக்கு வாங்கி இடுப்பைக் குறையுங்கள். அம்பர்லா, சுருக்கு வைத்தது போன்ற விரிந்த ஸ்கர்ட் என்றால் இடுப்பு அளவுக்கு வாங்கினால் போதும், சீட்டுக்கு வேண்டிய இடம் தானாகவே கிடைத்துவிடும்.

குறைக்கிற 2 இன்ச்சை ஒரே இடத்தில் பிடிக்கக் கூடாது. பக்கத் தையலில் நான்கு ஓரங்கள் இருக்கின்றன. ஓரத்துக்குக் கால் இன்ச் வீதம் பிடித்தால் 1 இன்ச் போகும். பின்பக்க டார்ட் இரண்டையும் அரை இன்ச் அகலப்படுத்தினால் இன்னொரு 1 இன்ச் போகும். வெளியே பார்த்தால் எங்கே பிடித்தோம் என்றே தெரியாது.

✦

இடுப்பு எங்கே இருக்கிறது என்பதிலேயே நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. சேலை கட்டிப் பழகியவர்கள் உள்பாவாடை நாடா விழும் இடத்தைத்தான் இடுப்பு என்று காட்டுவார்கள். பலருக்கும் அது தொப்புளுக்குக் கீழே போய்விடும். பேட்டர்ன் சொல்கிற இடுப்பு அதற்கும் மேலே. அரை இன்ச் எலாஸ்டிக் ஒன்றை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் சாய்ந்து, ஒரு முறை குனிந்து நிமிருங்கள். அது தானாகப் போய் உட்காரும் இடம்தான் பேட்டர்னின் இடுப்பு. எலாஸ்டிக்கை அவிழ்க்காமல், அங்கிருந்து சீட்டின் மிகப் பருமனான இடம் வரை பக்கவாட்டில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 7 முதல் 9 இன்ச்சுக்குள் வரும். இந்த மூன்றாவது அளவை அநேகமாக யாரும் எடுப்பதில்லை. ஸ்கர்ட்டின் வளைவு சரியான இடத்தில் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது.

சீட்டை உட்கார்ந்தபடியும் ஒரு முறை அளந்து பாருங்கள். நின்று எடுத்ததைவிடக் கூடுதலாக வரும். ஸ்கர்ட் போட்டுக்கொண்டு பேருந்தில் உட்கார வேண்டும் அல்லவா?

✦

காகித பேட்டர்னைப் பல அளவுகளில் வெட்டி விற்கத் தொடங்கியவர் எபனீசர் பட்டரிக் என்ற தையல்காரர். ஆண்டு 1863, இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூர். அதற்கு முன்பு கிடைத்த தாள்கள் ஒரே அளவில்தான் வரும், பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் தைப்பவர் பாடு. அவருக்குப் பின், 1870இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் மெக்கால் நியூயார்க்கில் தொழிலைத் தொடங்கினார்.

✦

பேரிக்காய், ஆப்பிள், மணற்கடிகை என்றெல்லாம் பெண்ணுடம்புக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதில் மணற்கடிகைதான் இலட்சிய வடிவம் என்பார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 6,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் அளவுகளை ஆராய்ந்து 2005 வாக்கில் வெளியிட்டார்கள். மணற்கடிகை வடிவம் 8 விழுக்காட்டினருக்குத்தான் இருந்தது. 46 விழுக்காட்டினருக்கு மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே நேராக இறங்கும் செவ்வக வடிவம். நூற்றில் எட்டுப் பேருக்கு இருப்பதை மற்ற தொண்ணூற்றிரண்டு பேரும் தங்களிடம் இல்லையே என்று ஏங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பழத்தின் பெயரைவிட உங்கள் நோட்டில் இருக்கிற மூன்று எண்கள்தான் துணி வெட்ட உதவும்.

✦

நம் நாட்டுப் பெண்களின் அளவுப் பட்டியல் எங்கே என்று கேட்கிறீர்களா? அமெரிக்க வேளாண்மைத் துறை 1939-40இலேயே ஏறத்தாழ 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளந்துவிட்டது. இந்தியாவில் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியான நிஃப்ட், ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியாசைஸ்' திட்டத்தை எடுத்துக்கொண்டதே அண்மைக் காலத்தில்தான். வெளிநாட்டு பேட்டர்ன் ஒன்று உங்களுக்கு அப்படியே பொருந்தவில்லை என்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

✦

உறையின் முன்பக்கப் படத்தைப் பார்த்து பேட்டர்ன் வாங்காதீர்கள். அது ஒரு மாடல் பெண்ணின் உடம்பு. பின்பக்கம் திருப்புங்கள். கறுப்புக் கோட்டில் வரைந்த சின்னப் படம் இருக்கும். டார்ட் எத்தனை, தையல் எங்கெங்கே ஓடுகிறது, ஜிப் பக்கத்திலா பின்னாலா, இடுப்புப் பட்டி நேரா வளைவா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். தைத்து முடித்த ஸ்கர்ட்டின் சீட் சுற்றளவைப் பல பேட்டர்ன்களில் தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதிலிருந்து உங்கள் சீட் அளவைக் கழியுங்கள். நெய்த துணியில் தைக்கும் நேரான ஸ்கர்ட்டுக்கு 2 இன்ச்சாவது மிஞ்ச வேண்டும்.

✦

அம்பர்லா ஸ்கர்ட் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். அதில் முழு வட்டம், அரை வட்டம், கால் வட்டம் என்று மூன்று உண்டு, மூன்றும் உடம்பில் மூன்று விதமாக நிற்கும். கணக்கு எளிது. இடுப்பு அளவை 6.28ஆல் வகுத்தால் முழு வட்டத்துக்கான ஆரம். 3.14ஆல் வகுத்தால் அரை வட்டம். 1.57ஆல் வகுத்தால் கால் வட்டம்.

28 இன்ச் இடுப்புக்குப் போட்டுப் பார்ப்போம். முழு வட்டத்துக்கு ஆரம் ஏறத்தாழ நாலரை இன்ச், அரை வட்டத்துக்கு 8.9, கால் வட்டத்துக்கு 17.8. இடுப்பிலிருந்து 8 இன்ச் கீழே, அதாவது சீட்டில், சுற்றளவு எவ்வளவு வரும்? முழு வட்டத்தில் 78 இன்ச், அரை வட்டத்தில் 53, கால் வட்டத்தில் நாற்பதரை சொச்சம். சீட் 40 இருக்கிறவள் கால் வட்டம் வெட்டினால் மிஞ்சுவது அரை இன்ச்தான். மறுபடி அதே பென்சில் ஸ்கர்ட் கதை. அரை வட்டம் வெட்டினால் 13 இன்ச் தாராளமாக இருக்கும், அதே நேரத்தில் இடுப்போரம் சுருக்கும் குவியாது. கீழே அகலமாக இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது அரை வட்டம்தான்.

துணிச் செலவும் அப்படித்தான். 26 இன்ச் நீளத்துக்கு 44 பன்னாவில் முழு வட்டம் வெட்ட ஏறத்தாழ 3¼ மீட்டர் வேண்டும். அரை வட்டத்துக்கு 2 மீட்டர் போதும்.

✦

தோள் அகலமாக, சீட் ஒடுங்கி இருப்பவர்களுக்கு அந்த முழு வட்டம் அருமையாக நிற்கும். கத்தி மடிப்புப் பிளீட்டும் அப்படித்தான். ஆனால் பிளீட்டுக்கு சீட் அளவைப்போல் மூன்று மடங்குத் துணி போகும் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழ்வரை நேராக இருக்கும் உடம்புக்குச் சுருக்கு வைத்த ஸ்கர்ட் நன்றாக இருக்கும். இடுப்பைப்போல் இரண்டு மடங்குத் துணியைச் சுருக்கினால் போதுமானது.

✦

குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்று நம் எல்லாருக்கும் யாரோ சொல்லித்தான் இருக்கிறார்கள். 1867இலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு நேர்மாறாக எழுதிவிட்டார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் ஒன்றில் குறுக்குக் கோடுகளும் மற்றதில் நெடுக்குக் கோடுகளும் வரைந்தால், குறுக்குக் கோட்டுச் சதுரம்தான் உயரமாகத் தெரியும். பெண்கள் உடைக்கும் இது பொருந்தும் என்றே அவர் குறிப்பிட்டார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்சன் 2008இல் உடம்புப் படங்களை வைத்துச் சோதித்தபோதும் குறுக்குக் கோடு அகலமாக்கிக் காட்டவில்லை. பிடித்த கோடு போட்ட துணியைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

✦

டார்ட்டை முன்னாலும் பின்னாலும் ஒரே நீளத்தில் வைக்கலாமா? கூடாது. வயிற்றின் மேடு இடுப்புக்குக் கிட்டத்தில், சீட்டின் மேடு அதற்குக் கீழே. அதனால் முன் டார்ட் மூன்று நாலு இன்ச்சோடு முடியும், பின் டார்ட் ஐந்து இன்ச் வரை இறங்கும். டார்ட்டின் நுனி மேட்டைத் தாண்டி ஓடினால் அந்த இடத்தில் துணி குமிழ்போல் உப்பி நிற்கும்.

✦

ஒரு சாவியை நூலில் கட்டி, ஸ்கர்ட் போட்டு நிற்கிறவரின் பக்கத் தையலோரம் தொங்கவிட்டுப் பாருங்கள். நூலும் தையலும் ஒட்டி இறங்கினால் பேட்டர்ன் பொருந்திவிட்டது. தையல் கீழே போகப் போக முன்பக்கம் ஓடினால் முன்னால் துணி போதவில்லை, வயிற்றுக்கு இடம் கேட்கிறது. பின்பக்கம் ஓடினால் சீட்டுக்கு இடம் கேட்கிறது. அக்கா மகளுக்குப் பின்பக்கம்தான் ஓடியது, முழங்காலுக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட முக்கால் இன்ச். கூடவே பின் இடுப்புக்குக் கீழே சின்னதாக ஒரு குறுக்கு மடிப்பும் தனியாக நின்றது. முதுகின் கீழ்ப்பகுதி உள்வளைந்து இருப்பவர்களுக்கு இது வரும். பின் நடுவில் இடுப்புக் கோட்டை அரை இன்ச் தாழ்த்தி வெட்டினால் போய்விடும்.

✦

வயிறு சற்று முன்னுக்கு இருப்பவர்களின் ஸ்கர்ட் முன்னால் தூக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி மேட்டின் மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் முன்பக்க நீளம் குறைந்துபோகிறது. கீழே மடக்குத் தையலைப் பிரித்து நீட்டிப் பயனில்லை. பேட்டர்னில் முன் நடுவின் மேல்பக்கத்தை அரை முதல் ஒரு இன்ச் உயர்த்தி வெட்ட வேண்டும். பேட்டர்ன் தேர்ந்தெடுக்கும்போதே, முன்னால் பிளீட், ஜிப், பெரிய பட்டன் எதுவும் இல்லாததாகப் பாருங்கள். முன்பக்கம் தட்டையான பட்டியும் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக்கும் வைத்த பேட்டர்ன் இவர்களுக்கு மிக வசதி. பிரசவத்துக்குப் பிறகு மாதத்துக்கு மாதம் இடுப்பளவு மாறுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். உடம்பு மெல்ல மீளட்டும், அதுவரை இறுக்காத துணி இருக்கட்டும்.

✦

பென்சில் ஸ்கர்ட்டின் பின்னால் இருக்கும் பிளவு அழகுக்காக வைத்ததில்லை, காலை வீசி நடப்பதற்கு. 1910 வாக்கில் பாரிஸில் பால் புவாரே பரப்பிய ஹாபிள் ஸ்கர்ட் கணுக்காலருகே அவ்வளவு குறுகலாக இருந்தது. போட்டவர்களால் படி ஏற முடியவில்லை. 1912இல் நியூயார்க்கில் தாழ்ந்த வாசல் வைத்த டிராம் வண்டிகளை விட்டார்கள், ஹாபிள் ஸ்கர்ட் கார் என்றே அவற்றுக்குப் பெயர். ஒரு ஸ்கர்ட்டுக்காக வண்டியையே மாற்றியிருக்கிறார்கள்! குறுகலான பேட்டர்னில் பிளவோ உள்மடிப்போ இல்லை என்றால் வாங்காதீர்கள்.

✦

ஏ-லைன் என்ற பெயர் கிறிஸ்டியன் டியோர் 1955 வசந்த காலத் தொகுப்புக்கு வைத்தது.

✦

துணியைக் கிராஸில் வெட்டி முழு உடையையே தைக்கலாம் என்று 1920களில் செய்து காட்டியவர் பாரிஸின் மடலேன் வியோனே. சிறிய மரப் பொம்மை ஒன்றின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் வடிவம் கண்டுபிடிப்பாராம். கிராஸ் ஸ்கர்ட் உடம்பின் ஒவ்வொரு வளைவையும் தொட்டுக்கொண்டு இறங்கும், வளைவு தெரிவதை விரும்புகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். தைத்த அன்றே கீழ் ஓரத்தை மடக்காதீர்கள். ஹேங்கரில் ஒரு முழு நாள் தொங்கவிட்டால் கிராஸான இடங்கள் இழுபட்டு நீளும். அதன்பிறகு தரையிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து ஓரத்தை வெட்டுங்கள். அம்பர்லாவுக்கும் இதே கவனம் வேண்டும்.

✦

ஜெர்மனியில் ஆனே புர்டா 1950இல் தொடங்கிய 'புர்டா மோடன்' இதழ் உலகெங்கும் பெண்களைத் தைக்கவைத்தது. அந்த இதழோடு வரும் தாளில் தையலுக்கு விடும் துணி சேர்ந்திருக்காது, நாமே சேர்த்து வெட்ட வேண்டும். அமெரிக்க உறை பேட்டர்ன்களில் பொதுவாக 5/8 இன்ச் சேர்ந்தே இருக்கும். இதைப் பார்க்காமல் வெட்டினால் எவ்வளவு நல்ல பேட்டர்னும் ஒரு சுற்று சின்னதாகிவிடும்.

✦

இப்போது எனக்கு மிகவும் பிடித்த துணுக்கு. இடுப்பும் சீட்டும் ரொம்ப வித்தியாசப்படுகிற உடம்புக்கு ஏற்ற பேட்டர்னை நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஏற்கெனவே போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சேலைக்கு உள்ளே கட்டும் ஆறு பீஸ் உள்பாவாடைதான் அது!

அதில் டார்ட் ஒன்றுகூடக் கிடையாது. மேலே குறுகி, கீழே அகலும் ஆறு துண்டுகள், ஆறு தையல்கள். வடிவம் முழுக்கத் தையலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆறு தையலுக்குப் பன்னிரண்டு ஓரங்கள். சீட் 40, இடுப்பு 28, வித்தியாசம் 12 இன்ச். ஓரத்துக்கு ஒரே ஒரு இன்ச் சரித்தால் கணக்கு முடிந்தது. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அக்கா மகள் பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "சித்தி, அப்ப பின்னாடி ரெண்டு தையல்ல மட்டும் சீட்டுக்குக் கொஞ்சம் கூட விடலாமா?" தாராளமாக விடலாம். எந்த இடத்தில் மேடோ அதற்குப் பக்கத்துத் தையலில் கூட்டலாம், எங்கே ஒடுக்கமோ அங்கே பிடிக்கலாம். இரண்டு பக்கத் தையல் மட்டும் உள்ள ஸ்கர்ட்டில் இந்தச் சுதந்திரம் கிடைக்காது. ஆறு பீஸ் பேட்டர்ன் வாங்கி, நாடாவுக்குப் பதில் வளைந்த இடுப்புப் பட்டி வைத்தால் அதுவே அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் ஸ்கர்ட். வளைந்த பட்டி ஏன் என்றால், நேர்ப் பட்டையை உடம்பு சரிகிற இடத்தில் தைத்தால் அதன் மேல்விளிம்பு வாய் பிளந்து நிற்கும்.

✦

ஒரே பேட்டர்னை மொடமொடப்பான பாப்ளினிலும் ரேயானிலும் தைத்துப் பாருங்கள், இரண்டு வேறு ஸ்கர்ட் என்பார்கள். கடையில் துணியின் ஒரு முனையை மூடிய கைமுட்டியின் மேல் போட்டுப் பாருங்கள். மடிந்து விழுந்தால் சுருக்குக்கும் அம்பர்லாவுக்கும் ஆகும். குடைபோல் விறைத்து நின்றால் ஏ-லைனுக்கும் ஆறு பீஸுக்கும் ஆகும். சீட் அகலமானவர்கள் விறைப்பான துணியில் சுருக்கு வைக்க வேண்டாம் என்பது என் அனுபவம்.

✦

நீளத்தை நிர்ணயிக்க ஒரு துண்டு போதும். இடுப்பில் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று மெல்ல ஏற்றி இறக்குங்கள். கால் ஒடுங்குகிற இடம் ஒன்று முழங்காலுக்குச் சற்றுக் கீழே, இன்னொன்று கெண்டைக்காலுக்குக் கீழே. ஸ்கர்ட் அந்த இரண்டில் ஒன்றில் முடிந்தால் நன்றாக இருக்கும். கெண்டையின் நடுவில் முடிந்தால் கால் தடித்துத் தெரியும்.

✦

நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காடா துணியில் ஒரு தடவை வெட்டி, இயந்திரத்தில் பெரிய தையலாகப் போட்டு உடுத்திப் பாருங்கள். அக்கா மகளும் அப்படித்தான் செய்தாள். ஆறு பீஸ் ஸ்கர்ட் சீட்டில் மடிப்பே இல்லாமல் இறங்கியது, சாவி கட்டிய நூலும் தையலோடு ஒட்டி நின்றது. ஆனால் கீழ் ஓரம் ஒரு பக்கம் கால் இன்ச் தூக்கியிருந்தது. இருபுறமும் தரையிலிருந்து அளந்தோம். அவளுக்கு வலது இடுப்பெலும்பு கொஞ்சம் உயரம். பலருக்கும் இப்படி இருக்கும், தைத்துப் பார்க்கும்வரை தெரியாது. காடாவைப் பிரித்து, இஸ்திரி போட்டு, துண்டு துண்டாகப் பழுப்புத் தாளில் வரைந்துகொண்டாள். ஆறிலும் எண் போட்டு, தேதியும் 28, 40, எட்டே கால் என்ற மூன்று அளவும் எழுதி, மூன்றில் 'வலது' என்றும் மூன்றில் 'இடது' என்றும் குறித்து உறைக்குள் வைத்தாள்.